விண்வெளியில் சரக்கு: உந்துபொருளை மிச்சப்படுத்தும் வழி எது?

#1 சுமைதாங்கி

அனைவருக்கும் வணக்கம். தாழ்புவிச் சுற்றுப்பாதைக்கு ஏற்கெனவே ஏற்றப்பட்டுவிட்ட ஒரு சரக்கை அங்கிருந்து மேலே கொண்டுசெல்வது பற்றி மட்டும் இந்த இழையில் பேசலாம் என நினைக்கிறேன். தரையிலிருந்து ஏவுவது வேறு வகைச் சிக்கல். அதை இங்கே கலக்க வேண்டாம்.

கணக்கு இதுதான். 300 கி.மீ. உயரத்தில் சுற்றும் 10 டன் எடையை, சுற்றுத்தளத்தை மாற்றாமல், புவிநிலைச் சுற்றுப்பாதைக்கு (சுமார் 36,000 கி.மீ. உயரம்) உயர்த்த வேண்டும். கலத்தின் வெற்று எடையும் அந்த 10 டன்னுக்குள் அடக்கம். ஹோமான் பாதையில் (இரு வட்டப்பாதைகளையும் தொடும் நீள்வட்டத்தில்) இருமுறை பொறியை இயக்கினால் தேவைப்படும் மொத்த வேக மாற்றம் விநாடிக்குச் சுமார் 3.9 கி.மீ. ரஷ்ய அறிஞர் சியோல்கோவ்ஸ்கி 1903-இல் வெளியிட்ட ஏவூர்திச் சமன்பாட்டில் இதைப் போட்டால், வெளியேற்ற வேகம் 3.1 கி.மீ. உள்ள வழக்கமான சேமிப்புத் திரவங்களுக்கு (குளிர்விக்காமலே தொட்டியில் வைத்திருக்கக்கூடியவை) 25 டன் உந்துபொருள் வேண்டும். ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் என்றால் (வெளியேற்ற வேகம் 4.4 கி.மீ.) 14.3 டன்.

மின்சாரத்தால் வாயுவின் அயனிகளை வெளியேற்றும் அயனிப் பொறியோ சிறுசிறு உந்துதலால் சுருள் சுருளாக ஏற வேண்டியிருப்பதால் அதற்கு 4.7 கி.மீ. வேக மாற்றம் தேவை. ஆனால் அதன் வெளியேற்ற வேகம் 30 கி.மீ. என்பதால் வெறும் 1.7 டன் செனான் போதும். 25 டன் எங்கே, 1.7 டன் எங்கே! இவ்வளவு பெரிய வேறுபாடு இருந்தும் எரிபொருளை எரிக்கும் வேதிப்பொறிகள் இன்னும் ஏன் ஒழியவில்லை என்பதே என் கேள்வி. என் கணக்கில் எங்கோ ஓட்டை இருக்க வேண்டும். அதைக் காட்டித் தாருங்கள்.

#2 வெற்றிட அறை

கணக்கில் ஓட்டை இல்லை, நண்பரே. உந்துபொருள் ஒன்றை மட்டும் எடைபோட்டுவிட்டு, மின்சாரத்தையும் காலத்தையும் தராசில் வைக்காமல் விட்டிருக்கிறீர்கள்.

வெளியேற்ற வேகம் கூடக்கூட ஒவ்வொரு நியூட்டன் உந்துவிசைக்கும் செலவாகும் திறனும் அதே விகிதத்தில் கூடும். 30 கி.மீ. வேகத்தில் 1 நியூட்டன் வேண்டுமானால், பீற்றலாக வெளியேறும் ஆற்றல் மட்டுமே 15 கிலோவாட். பொறியின் பயனுறுதிறன் 65 விழுக்காடு என்று கொண்டால், சூரியத் தகடுகள் 23 கிலோவாட் தர வேண்டும். அந்த ஒரு நியூட்டனின் அளவு என்ன? கையில் ஓர் ஆப்பிளை ஏந்தி நின்றால் உள்ளங்கையில் உணரும் பாரம், அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டு, செனானையும் சேர்த்துச் சராசரியாக 11 டன்னைத் தள்ளினால் 4.7 கி.மீ. வேக மாற்றத்தைச் சேர்க்கச் சுமார் 590 நாட்கள் ஆகும். இது பொறி இடைவிடாமல் இயங்கினால் மட்டுமே. தொடக்கத்தில், தாழ்பாதையின் ஒவ்வொரு சுற்றிலும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கலம் புவியின் நிழலில் கிடக்கும். அப்போது பொறி அணைந்திருக்கும்.

இப்போது அதே 23 கிலோவாட்டை, அயனிகளையே வெளியேற்றும் இன்னொரு வகை மின்பொறியான ஹால் உந்துபொறிக்குக் கொடுங்கள். அதன் வெளியேற்ற வேகம் 17 கி.மீ., பயனுறுதிறன் 55 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். செனான் 1.7 டன்னிலிருந்து 3.2 டன்னாக உயரும். உந்துவிசையோ ஒன்றரை நியூட்டனை எட்டும். பயணம் 425 நாட்களில் முடியும். ஒன்றரை டன் செனானைக் கூடுதலாகக் கொடுத்து ஐந்தரை மாதங்களை வாங்கியிருக்கிறோம். இந்தப் பேரத்தில் எது இலாபம் என்பதைச் சரக்கின் உரிமையாளர்தான் சொல்ல வேண்டும், சமன்பாடு சொல்லாது. ஆகவே உந்துபொருளை மிகக் குறைவாகக் குடிக்கும் பொறி மிகச் சிறந்த பொறியாக இருந்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

ஓர் இடைச்செருகல். சில ஆண்டுகள் நான் ஓர் ஆய்வகத்தில் ஹால் பொறிகளை வெற்றிட அறையில் இயக்கிப் பார்க்கும் வேலையில் இருந்தேன். அறையின் கண்ணாடிச் சாளரம் வழியே அந்த இளநீலப் பீற்றலைப் பார்ப்பது முதல் நாளில் வியப்பாக இருக்கும். சில வாரங்களில் அந்தக் கண்ணாடி புகைபடிந்ததுபோல் மங்கத் தொடங்கும். அயனிகள் மோதிப் பெயர்த்த துகள்கள் அதில் படிந்திருக்கும். பொறியின் பீங்கான் சுவரை வெளியே எடுத்துப் பார்த்தால் விளிம்பில் கோடு கோடாக அரிப்பு தெரியும். ஒருமுறை வாயுக் குழாயின் இணைப்பில் இருந்த மிகச் சிறு கசிவு வழியே காற்று புகுந்து, எலக்ட்ரான்களைத் தரும் எதிர்மின்வாயின் பரப்பு ஆக்சிஜனால் கெட்டுப்போயிற்று. மறுநாள் எவ்வளவு சூடேற்றியும் பொறி மூளவில்லை. இத்தகைய பொறிக்கு 14 மாதம் ஓயாத வேலை கொடுக்கிறோம் என்பதையும் மறக்க வேண்டாம்.

#3 இளவேனில்

அயனிப் பொறிக்கு 3.9-க்குப் பதில் 4.7 ஏன் என்பதை நண்பர் சுமைதாங்கி போகிற போக்கில் சொல்லிவிட்டார். அங்கேதான் சுவையான செய்தி இருக்கிறது.

வேகமாகச் சென்றுகொண்டிருக்கும்போது பொறியை இயக்கினால், அதே அளவு வேக மாற்றம் கூடுதல் ஆற்றலைத் தரும். இதற்கு ஓபெர்த் விளைவு என்று பெயர். புவியின் ஈர்ப்புக் குழியில் ஆழமாக இருக்கும்போது கலம் மிக வேகமாக ஓடுகிறது. ஆகவே பொறியை அங்கேயே இயக்கி முடித்துவிடுவது இலாபம். செவ்வாய்ப் பயணம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. புவியை விட்டு விலகிய பிறகும் கலத்திடம் விநாடிக்குச் சுமார் 2.95 கி.மீ. வேகம் மிஞ்சியிருக்க வேண்டும். 300 கி.மீ. உயரத்தில் விடுபடு வேகம் 10.93. இரண்டையும் வர்க்கமாக்கிக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 11.32. கலம் ஏற்கெனவே 7.73-இல் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆகவே ஒரே மூச்சில் இயக்கினால் 3.59 கி.மீ. போதும். மாறாக, முதலில் 3.2 செலவிட்டு ஈர்ப்பிலிருந்து மட்டும் விடுபட்டு, வெகுதொலைவு போன பிறகு 2.95-ஐச் சேர்த்தால் மொத்தம் 6.15. சேருமிடம் அதேதான், செலவு ஏறக்குறைய ஒன்றேமுக்கால் மடங்கு.

சிறு வேதிப்பொறி மட்டுமே உள்ள கலங்கள், ஒவ்வொரு சுற்றிலும் அண்மைப்புள்ளிக்கு (புவிக்கு மிக அருகில் உள்ள இடத்துக்கு) வரும்போது மட்டும் பொறியை இயக்கி, பாதையைப் படிப்படியாக நீட்டிக்கொண்டு போவதன் காரணமும் இதுவே. 2013-இல் மங்கள்யானும் 2023-இல் சந்திரயான்-3-உம் இப்படித்தான் புவியை விட்டுக் கிளம்பின. சுருள்பாதைக்காரர்களுக்கு இந்தச் சலுகை கிடையாது; அவர்கள் எல்லா இடத்திலும் ஒரே சீராகத் தள்ளிக்கொண்டே போக வேண்டும்.

#4 கதிரவன் மு.

காலத்தின் விலையில் இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். சுருள்பாதையில் மெதுவாக ஏறும்போது கலம், புவியைச் சூழ்ந்துள்ள வான் ஆலன் கதிர்வீச்சுப் பட்டைகளுக்குள் வாரக்கணக்கில் அல்லது மாதக்கணக்கில் கிடக்கிறது. சூரியத் தகடுகளின் திறன் அங்கேதான் தேயும். ஐரோப்பாவின் ஸ்மார்ட்-1 விண்கலம் 2003 செப்டம்பரில் கிளம்பி, சுமார் 70 மில்லிநியூட்டன் தரும் ஒரே ஒரு ஹால் பொறியோடு 2004 நவம்பரில் நிலாவின் பிடிக்குள் சென்றது. அதன் தொட்டியில் இருந்த செனான் மொத்தமே 82 கிலோ. பட்டைகளைச் சீக்கிரம் தாண்டிவிட வேண்டும் என்பதற்காகவே முதல் சில மாதங்கள் பொறியை ஏறத்தாழ ஓயாமல் இயக்கினார்கள்.

அதே சமயம், இந்த ஆமைப் பொறிகள் இரண்டு செயற்கைக்கோள்களைச் சாவிலிருந்து மீட்டிருக்கின்றன. 2001 ஜூலையில் ஏவூர்தியின் மேற்கட்டம் சரிவர இயங்காமல் ஐரோப்பாவின் ஆர்ட்டெமிஸ் தொடர்புச் செயற்கைக்கோளைத் தாழ்வான பாதையிலேயே விட்டுவிட்டது. அது தன் வேதிப்பொறியால் 31,000 கி.மீ. வரை ஏறி, மீதி 5,000 கி.மீ. தொலைவை, பாதையின் சாய்வைச் சரிசெய்வதற்காக மட்டுமே பொருத்தப்பட்டிருந்த 15 மில்லிநியூட்டன் அயனிப் பொறிகளை வைத்துக்கொண்டு ஏறி, 2003 ஜனவரி இறுதியில் தன் இடத்தை அடைந்தது. 2010-இல் அமெரிக்காவின் இராணுவத் தொடர்புச் செயற்கைக்கோளான ஏஇஎச்எஃப்-1-க்கு முதன்மைப் பொறி செயலிழந்தபோதும் ஹால் பொறிகளே கைகொடுத்தன. 14 மாதம் ஆனது. அவசரமில்லாத சுமைக்கு இந்த வழி உதவும் என்பதற்கு இவற்றைவிடச் சான்று வேண்டாம்.

#5 சுமைதாங்கி

வெற்றிட அறை, இளவேனில், கதிரவன் மூவருக்கும் நன்றி. உங்கள் பதில்களைப் படித்ததும் என் கேள்வியே குறையுள்ளது என்று புரிந்தது. நான் ஒருவழிப் பயணத்தை மட்டும் கணக்கிட்டேன். சரக்கை இறக்கிவிட்டு இழுவைக்கலம் வெறுங்கையோடு திரும்பி வந்து அடுத்த சுமையை எடுக்க வேண்டும் என்றால் என்ன ஆகும்?

இழுவைக்கலத்தின் வெற்று எடை 3 டன், சரக்கு 10 டன் என்று வைத்துப் பார்த்தேன். ஹைட்ரஜன் பொறியாக இருந்தால், திரும்பி வருவதற்கு மட்டும் 4.3 டன் உந்துபொருள் தேவை. அந்த 4.3 டன்னையும் முதலில் மேலே சுமந்து செல்ல வேண்டும் என்பதால், ஏறும்போது 24.6 டன் செலவாகிறது. ஆக மொத்தம் 29 டன். 10 டன் சரக்கை உயர்த்த அதைப்போல் மூன்று மடங்கு உந்துபொருள்! அயனிப் பொறியில் திரும்புவதற்கு 0.5, ஏறுவதற்கு 2.3, ஆக 2.8 டன் மட்டுமே. ஒருவழியில் எட்டு மடங்காக இருந்த வேறுபாடு இருவழியில் பத்து மடங்காகிறது. வேதிப்பொறியின் உண்மையான பலவீனம் திரும்பி வரும் பயணத்தில்தான் இருக்கிறது என்று இப்போது தோன்றுகிறது.

#6 இளவேனில்

திரும்பி வரும் பயணத்துக்கு ஒரு குறுக்குவழி இருக்கிறது: காற்று. புவிநிலைப் பாதையிலிருந்து 1.5 கி.மீ. வேகத்தைக் குறைத்தால் அண்மைப்புள்ளி வளிமண்டலத்தின் மேல்விளிம்பைத் தொடும். மீதி 2.4 கி.மீ. வேகத்தைக் காற்று உராய்வே தின்றுவிடும். உங்கள் கணக்கிலேயே போட்டுப் பார்த்தேன்: திரும்புவதற்கு 4.3 டன்னுக்குப் பதில் 1.2 டன், மொத்தம் 29-க்குப் பதில் 21.5 டன். வெப்பக் கேடயத்தின் எடையை இதில் சேர்க்கவில்லை. சேர்த்தால் இலாபம் கொஞ்சம் குறையும்.

செவ்வாயில் இது நடைமுறையிலேயே இருக்கிறது. 2006-இல் செவ்வாயை அடைந்த நாசாவின் எம்ஆர்ஓ (மார்ஸ் ரிகனசன்ஸ் ஆர்பிட்டர்) விண்கலம் முதலில் ஒரு சுற்றுக்கு 35 மணி நேரம் எடுத்துக்கொள்ளும் நீள்பாதையில் நுழைந்து, மெல்லிய வளிமண்டலத்தை நூற்றுக்கணக்கான முறை உரசி உரசி, ஐந்து மாதத்தில் 2 மணி நேரச் சுற்றுக்கு இறங்கியது. காற்றோடு விளையாடுவதில் ஆபத்தும் உண்டு. 1997-இல் செவ்வாயை அடைந்த மார்ஸ் குளோபல் சர்வேயரின் ஒரு சூரியத் தகடு சேதமடைந்திருந்ததால் மிகவும் மென்மையாக உரச வேண்டியதாயிற்று. வரைபடப் பணி ஓராண்டு தள்ளிப்போய் 1999 மார்ச்சில்தான் தொடங்கியது.

ஒரே பாய்ச்சலில் காற்றுக்குள் புகுந்து நேரே சுற்றுப்பாதையில் சிக்கிக்கொள்ளும் முறை காகிதத்தில் இன்னும் கவர்ச்சியானது. ஆனால் அதை முழுமையாக நம்பி இதுவரை எந்தக் கோளுக்கும் கலம் அனுப்பியதில்லை.

#7 நெடுவழி

சரக்கு நிலாவுக்குப் போகிறது என்றால் மூன்றாவது ஒரு வழி இருக்கிறது. பொறியை மாற்றாமல் பாதையை மட்டும் மாற்றுவது.

நேர்வழியில் மூன்று நான்கு நாட்களில் நிலாவை நெருங்கும் கலம், நிலாவைப் பொறுத்தவரை விநாடிக்குச் சுமார் 0.85 கி.மீ. மிகை வேகத்தோடு வருகிறது. 100 கி.மீ. உயர வட்டப்பாதையில் நிற்க 0.83 கி.மீ. குறைக்க வேண்டும். நீண்ட வழியில் கலத்தைப் புவியிலிருந்து 15 இலட்சம் கி.மீ. அளவுக்கு வெளியே அனுப்புகிறார்கள். அங்கே புவியின் பிடி தளர்ந்து, சூரியனின் ஈர்ப்பு மெல்ல இழுத்து, கலத்தின் அண்மைப்புள்ளியை நிலாவின் பாதை வரை உயர்த்திவிடுகிறது. திரும்பி விழும்போது கலம் ஏறக்குறைய நிலாவின் வேகத்திலேயே அதன் அருகில் வந்து சேர்கிறது. அப்போது குறைக்க வேண்டியது 0.68 கி.மீ. மட்டும். இந்த 150 மீட்டர் அற்பமாகத் தோன்றலாம். நண்பர் சுமைதாங்கியின் 10 டன்னுக்கு 3.1 கி.மீ. வெளியேற்ற வேகத்தில் போட்டால், 3.1 டன்னுக்குப் பதில் 2.45 டன் போதும். புறப்படும்போது சற்றே கூடுதலாகச் செலவாவதைக் கழித்தாலும் இலாபம் மிஞ்சும். நிலாவுக்குத் தொலைவான உயர்பாதைகளில் நிற்பதென்றால் அங்கே தேவைப்படும் மொத்தச் செலவே சிறியது. ஆகவே அதே மிச்சம் விகிதத்தில் மிகப் பெரிதாகத் தெரியும்.

இதன் பிறப்பே ஒரு நெருக்கடியில்தான். 1990-இல் ஜப்பான் அனுப்பிய ஹிட்டென், நிலாவைச் சுற்றுவதற்காக உருவாக்கப்பட்ட கலமே அன்று. அது கொண்டுசென்ற சிறு துணைக்கலத்தின் ஒலிபரப்பி பழுதாகிவிட்டது. தாய்க்கலத்தையாவது நிலாச் சுற்றில் நிறுத்த முடியுமா என்று பார்த்தால், வழக்கமான வழிக்கு உந்துபொருள் போதாது. எட்வர்ட் பெல்ப்ருனோவும் ஜேம்ஸ் மில்லரும் வகுத்துக் கொடுத்த நீள்வழியில் சென்று 1991 அக்டோபரில் ஹிட்டென் நிலாவை எட்டியது. பின்னர் 2011-இல் கிரெயில் இரட்டைக் கலங்களும், 2022-இல் கேப்ஸ்டோனும் தென் கொரியாவின் தனூரியும் இதே வகைப் பாதையில் சென்றன. ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறைய நான்கு மாதம் ஆனது. மனிதர் என்றால் நான்கு மாத உணவும் காற்றும் வேண்டும். இரும்புக்கும் தண்ணீருக்கும் என்ன வேண்டும்?

#8 பாய்மரத்தான்

சூரிய ஒளியின் அழுத்தத்தாலேயே நகரும், உந்துபொருளே வேண்டாத சூரியப் பாய்மரத்தை யாருமே சொல்லவில்லையே?

#9 வெற்றிட அறை

சொல்லலாம், ஆனால் அளவைப் பார்த்துவிட்டுச் சொல்வோம். ஜப்பானின் இகாரோஸ் 2010-இல் 14 மீட்டர் பக்கமுள்ள சதுரப் பாய்மரத்தை விரித்தது. கிடைத்த உந்துவிசை 1.12 மில்லிநியூட்டன். நாம் பேசிக்கொண்டிருக்கும் அந்த ஒரு நியூட்டனுக்கு, ஒளியை முழுமையாகத் திருப்பும் பாய்மரமாகவே இருந்தாலும், புவியின் தொலைவில் 330 மீட்டர் பக்கமுள்ள சதுரம் வேண்டும். தாழ்பாதையிலோ அவ்வளவு பெரிய துணியைக் காற்று கீழே இழுத்துவிடும். சிறு ஆய்வுக்கலங்களுக்கு இது நல்ல வழி. 10 டன் சுமைக்கு இப்போதைக்கு ஒத்துவராது.

#10 கதிரவன் மு.

செனான், செனான் என்று எல்லாரும் டன் கணக்கில் பேசுகிறோம். அது எங்கிருந்து வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். காற்றில் ஒரு கோடிப் பங்கில் ஒரு பங்குகூட இல்லாத வாயு அது. ஆக்சிஜனுக்காகக் காற்றைக் குளிர்வித்துப் பிரிக்கும் பெரிய ஆலைகளில் உபபொருளாகவே கிடைக்கிறது. 2023 அக்டோபரில் ஏவப்பட்ட நாசாவின் சிறுகோள் ஆய்வுக்கலமான சைக்கி ஒன்று மட்டுமே 1,085 கிலோ செனானைச் சுமந்து சென்றது. இழுவைக்கலங்கள் ஒரு கூட்டமாகத் தொழில் செய்யத் தொடங்கினால் இந்த வாயு கட்டுப்படியாகாது.

ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள் இதனால்தான் 2019-இல் கிரிப்டானோடு தொடங்கி, 2023-இல் ஆர்கானுக்கு மாறின. ஆர்கான் காற்றில் ஏறத்தாழ ஒரு விழுக்காடு, விலை பெரிதல்ல. ஆனால் அணு இலேசானது. அயனியாக்கவும் கூடுதல் ஆற்றல் கேட்கும். செனானுக்கு 12.1 எலக்ட்ரான் வோல்ட், ஆர்கானுக்கு 15.8. தொட்டியிலும் வேறுபாடு உண்டு. செனானின் மாறுநிலை வெப்பநிலை (இதற்கு மேல் எவ்வளவு அழுத்தினாலும் வாயு திரவமாகாது) 16.6 டிகிரி செல்சியஸ் என்பதால் அறை வெப்பத்திலேயே, அழுத்தத்தில், லிட்டருக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல் அடைத்துவிடலாம். ஆர்கானை அவ்வாறு அடைக்க முடியாது. பெரிய தொட்டி அல்லது கடுங்குளிர் தேவை. மலிவான வாயுவுக்குக் கனமான தொட்டி என்ற இந்தப் பேரத்தையும் சுமைதாங்கியின் 3 டன் வெற்று எடைக்குள் அடக்க வேண்டும்.

இன்னொரு சிறு குறிப்பு. 2007-இல் கிளம்பி, சிறுகோள் பட்டையில் உள்ள வெஸ்டா, சீரிஸ் இரண்டையும் சுற்றிய நாசாவின் டான் கலம் 425 கிலோ செனானைக் கொண்டு விநாடிக்கு 11 கி.மீ.க்கும் மேல் வேக மாற்றம் செய்தது. கடைசியில் 2018-இல் அதன் கதையை முடித்தது செனான் பற்றாக்குறை அன்று. திசை திருப்பும் குட்டிப் பொறிகளுக்கான ஹைட்ரசின் தீர்ந்துபோனதுதான். பெரிய பொறியைப் பற்றியே கவலைப்பட்டுக்கொண்டிருந்தால் இப்படியும் மாட்டிக்கொள்ளலாம்.

#11 நெடுவழி

சுழலும் நீள்கயிற்றைப் பற்றியும் ஒரு வரி. பல பத்து கி.மீ. நீளக் கயிறு சுழன்றுகொண்டே சுற்றிவர, அதன் கீழ்முனை சரக்கைப் பற்றி, மேலே வரும்போது கவண்கல்போல் வீசிவிடுவது இந்தத் திட்டம். சரக்குக்கு உந்துபொருள் தேவையில்லை. ஆனால் உந்தக் கணக்கு யாரையும் விடாது. சரக்கு பெற்ற உந்தத்தைக் கயிறு இழந்து கீழே இறங்கும். மேலிருந்து கீழே வரும் சரக்கையும் அதே கயிறு பிடித்தால் வரவும் செலவும் சரியாகிவிடும்; இல்லையென்றால் மின்பொறியால் மெல்ல ஏற்றிக்கொள்ள வேண்டும். ஆகவே மேலும் கீழும் ஒரே அளவு சரக்கு ஓடும் காலம் வந்தால்தான் இதற்கு மதிப்பு. நடைமுறையில் நாம் எங்கே நிற்கிறோம் என்றால், 1996-இல் விண்ணோடத்திலிருந்து விரிக்கப்பட்ட கயிறு 19.7 கி.மீ. நீண்டபோது, காப்புறை பழுதான இடத்தில் மின்தீப்பொறி பறந்து எரிந்து அறுந்துபோயிற்று. 2007-இல் ஐரோப்பிய மாணவர்கள் உருவாக்கிய யெஸ்-2 சுமார் 30 கி.மீ. வரை விரித்தது. சரக்கைப் பிடித்து வீசும் வேலை இன்னும் தொடங்கவே இல்லை.

#12 சுமைதாங்கி

இதுவரை வந்தவற்றை வைத்து என் கணக்கைத் திருத்திக்கொள்கிறேன். நிலாவுக்கான சரக்கு என்றால், ஹைட்ரஜன் கொதித்து வீணாகும் கவலை இல்லாத சேமிப்புத் திரவங்களோடு நெடுவழி சொன்ன நான்கு மாதப் பாதை. புவிநிலைப் பாதைக்கு மீண்டும் மீண்டும் போய்வரும் வேலை என்றால் மின்பொறி இழுவைக்கலம்தான். கதிர்வீச்சுப் பட்டையைத் தாங்கும் தகடுகளும், பெரிய தொட்டியோடு ஆர்கானும் இருந்தால் இன்னும் நல்லது. வேதிப்பொறி இழுவைக்கலம் காற்றில் உரசித் திரும்பினால்கூட 21 டன்னுக்குக் கீழே வரவில்லை என்பதால், மனிதருக்கும் அவசரச் சுமைக்கும் மட்டும் அதை ஒதுக்கலாம். இதில் இளவேனில் அவர்கள் உடன்படமாட்டார் என்று நினைக்கிறேன்.

எனக்கு ஒரே ஓர் ஐயம் மிச்சமிருக்கிறது. 3 டன் கலமும் 10 டன் சரக்கும் சேர்ந்து 1 நியூட்டனில் ஏற 795 நாள், வெறுங்கலம் இறங்க 177 நாள். ஆக ஒரு முழுச் சுற்றுக்குப் பொறி 23,300 மணி நேரம் இயங்க வேண்டும். அயனிப் பொறிகள் அவ்வளவு நாள் தாங்குமா?

#13 இளவேனில்

பாதியளவு உடன்படுகிறேன். 795 நாட்களில் சரக்கின் பயன் தொடங்காமல் கிடக்கும் இழப்பை உங்கள் கணக்கில் இன்னும் காணவில்லை. செயற்கைக்கோள் என்றால் அந்த இரண்டு ஆண்டுகளும் அதற்கு வருமானம் இல்லாத ஆண்டுகள். தண்ணீர் என்றால் கவலையில்லை, ஒப்புக்கொள்கிறேன்.

#14 வெற்றிட அறை

சுமைதாங்கி, மணிக்கணக்கு தவறான அளவுகோல். பொறியின் வழியே எத்தனை கிலோ வாயு கடந்தது என்று பாருங்கள். அரிப்பு அதைப் பொறுத்தே நடக்கிறது. நாசாவின் நெக்ஸ்ட் அயனிப் பொறி தரையில் 2013-க்குள் 48,000 மணி நேரத்துக்கு மேல் இயங்கி, சுமார் 870 கிலோ செனானைக் கடத்தியிருந்தது; அந்தச் சோதனை பின்னர் பொறி பழுதாகாமலேயே நிறுத்தப்பட்டது. அந்த ஓட்ட அளவையே பாதுகாப்பான எல்லையாகக் கொண்டால், உங்கள் ஒரு நியூட்டனுக்கு ஏழு பொறிகள் ஒரே நேரத்தில் இயங்க வேண்டும். ஏழும் சேர்ந்து ஏறத்தாழ 6 டன் செனானைக் கடத்தும். உங்கள் ஒரு முழுச் சுற்றுக்கு 2.8 டன்.

ஆக, இரண்டு சுற்று போய்வரலாம். 46,600 மணி நேரம், ஐந்தேகால் ஆண்டு, மேலே சேர்ந்த சரக்கு 20 டன். மூன்றாவது சுற்றுக்குச் செனானை மட்டும் நிரப்பி அனுப்பாதீர்கள். பொறிகளையும் மாற்ற வேண்டியிருக்கும். அந்தப் புதுப் பொறிகளின் எடையை எந்தப் பத்தியில் எழுதப்போகிறீர்கள்?

#15 சுமைதாங்கி

உந்துபொருள் பத்தியில்தான், வேறெங்கே. தேய்ந்து தீரும் பொருள் என்றால் அதுவும் உந்துபொருளே. பொறி, தொட்டி, தகடு மூன்றையும் சேர்த்துப் புதிதாகப் போட்டுவிட்டு வருகிறேன்; அதுவரை என் 2.8 டன்னை யாரும் மேற்கோள் காட்ட வேண்டாம்.